கருவை இழந்த பிறகு வரும் பிரசவம்: வீடா, மருத்துவமனையா?

ஒரு முறை குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் மறுபடி கர்ப்பமானால், எங்கே பெற்றுக்கொள்வது என்ற யோசனை மற்றவர்களுக்கு வருவதைவிட வெகு சீக்கிரமே வந்துவிடுகிறது. சிலருக்கு மருத்துவமனை வாசலை மிதித்தாலே கை கால் நடுங்கும். துடிப்பு இல்லை என்று சொன்ன ஸ்கேன் அறை அங்கேதான் இருக்கிறது. பக்கத்து வார்டில் யாரோ பெற்ற குழந்தை அழுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்த கட்டிலும் அங்கேதான். இவர்களுக்கு வீடுதான் நிம்மதி. இன்னும் சிலர் நேர்மாறு. முடிந்தால் ஏழாம் மாதமே போய் மானிட்டரை மாட்டிக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

இரண்டு தரப்புமே பயந்துதான் முடிவெடுக்கிறது. அந்தப் பயத்தில் தப்பே இல்லை. ஆரம்ப மாதங்களில் கருவை இழந்த பெண்களைப் பற்றி 2020-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு மாதம் கழித்து நூற்றுக்கு 29 பேரிடமும், ஒன்பது மாதம் கழித்தும் 18 பேரிடமும், விபத்திலிருந்து தப்பியவர்களிடம் காணப்படுவது போன்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் தெரிந்தது. "அடுத்தது நல்லபடியா பொறக்கும், கவலைப்படாதே" என்று தட்டிக்கொடுத்துக் கடந்துவிடக்கூடிய விஷயம் இல்லை இது. ஆனால் எந்த இடம் எந்த ஆபத்தைக் குறைக்கும் என்பதைப் பயம் சொல்லித் தராது. அதைத் தனியாக உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். வீடியோ பார்த்துக்கொண்டு, பயிற்சி பெற்றவர் யாரும் பக்கத்தில் இல்லாமல், கணவனும் மனைவியுமாகப் பெற்றுக்கொள்வதை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. இங்கே வீட்டுப் பிரசவம் என்பது முறையாகப் படித்த மிட்வைஃப் வந்து பார்ப்பது. ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தும், குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பையும் முகமூடியும் அவர் கையில் இருப்பது. தேவைப்பட்டால் உடனே ஏற்றிச் செல்ல வண்டியும், கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனையும் இருப்பது. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் கீழே வரும் எண்கள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

முதலில் பார்க்க வேண்டியது இடம் இல்லை, இழப்பு

"எனக்கு ஏற்கெனவே ஒன்று போயிருக்கிறது, வீட்டில் பெற்றுக்கொள்ளலாமா?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த வாரத்தில் போனது, ஏன் போனது, அப்போது என்ன சிகிச்சை நடந்தது என்று தெரிந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை கலைந்துவிடுகின்றன. பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். அவற்றில் பாதிக்குக் குறையாமல் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அம்மா மாடிப்படி ஏறியதோ, வாளியைத் தூக்கியதோ இல்லை. இப்படி ஆரம்பத்தில் ஒரு கரு கலைந்தது என்பதற்காக மட்டும் எந்த வழிகாட்டுதலும் அடுத்த பிரசவத்தை ஆபத்தானது என்று கணக்கில் வைப்பதில்லை. மனதில் அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தாலும், வலி எடுக்கும் நேரத்தில் கர்ப்பப்பைக்கு அது பெரிய செய்தி இல்லை.

ஆனாலும் சில சில்லறைக் கேள்விகள் உண்டு. டி அண்ட் சி செய்தார்களா, எத்தனை முறை? வயிற்றைச் சுத்தம் செய்த தடம் கர்ப்பப்பையின் உள்சுவரில் இருந்தால், அடுத்த முறை நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, அங்கே அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். பிரசவம் முடிந்தும் நஞ்சு பிரிந்து வராமல் ரத்தம் கொட்டுவது வீட்டில் நடக்கக்கூடாத காரியம். ஆகவே நஞ்சு எங்கே, எப்படி இருக்கிறது என்று ஸ்கேனில் குறிப்பாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால், கரு போனபோது, குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று பார்த்தார்களா, போட்டார்களா, இப்போது ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். உருவாகியிருந்தால் வீடு என்ற பேச்சு அதோடு முடிந்தது. அடுத்தடுத்துக் கரு தங்காமல், ரத்தம் தேவையில்லாமல் உறையும் ஆன்டிபாஸ்போலிபிட் கோளாறு என்று கண்டுபிடித்து ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் மருத்துவமனைதான். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொண்டு, ரத்தமே கைவசம் இல்லாத இடத்தில் பெற்றுக்கொள்வதில் அர்த்தமில்லை.

நடுமாதத்தில், வலியே இல்லாமல் கர்ப்பப்பை வாய் திறந்து இழந்தவர்கள் கதை வேறு. இந்த முறை வாயில் தையல் போட்டிருப்பார்கள். 36, 37-ஆம் வாரத்தில் அதைப் பிரிப்பார்கள். 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தால் எங்கேயும் யாரும் வீட்டில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். 37 தாண்டிவிட்டால் கதவு கொஞ்சம் திறக்கிறது, அவ்வளவுதான்.

கடைசி மாதங்களில் வயிற்றிலேயே இறந்தது, அல்லது பிறந்து சில நாளில் போனது என்றால்தான் விஷயம் மாறுகிறது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் இதை இரண்டாகப் பிரிக்கிறது. காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அல்லது பிரசவ நேரச் சிக்கலால் இறந்திருந்தால், டாக்டர்கள் இருக்கும் பிரசவப் பிரிவிலேயே பெற்றுக்கொள்ளச் சொல்கிறது. காரணம் தெரிந்து, அது மறுபடி வரக்கூடியது இல்லை என்றால், அந்தப் பெண்ணோடு தனியாகப் பேசி முடிவெடுக்கலாம் என்கிறது. அதனால் முந்தைய பிரேதப் பரிசோதனை, நஞ்சுப் பரிசோதனை அறிக்கைகள் எங்கே என்று தேடுவதுதான் முதல் வேலை. நிறைய பேர் அந்தக் கவரைப் பிரிக்கவே இல்லை என்பார்கள். புரிகிறது. நீங்கள் பிரிக்க வேண்டாம், டாக்டர் பிரித்துப் படிக்கட்டும்.

2015-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, முதல் முறை குழந்தை உயிரோடு பிறந்தவர்களில் ஆயிரத்துக்கு 4 பேருக்கு அடுத்த குழந்தை இறந்து பிறக்கிறது. முதல் முறையே இறந்து பிறந்தவர்களில் ஆயிரத்துக்கு 25 பேருக்கு. ஆறு மடங்கு என்று சொன்னால் பதறும். ஆயிரத்தில் 975 பேருக்கு அப்படி நடக்கவில்லை என்பதும் அதே எண்தான்.

இந்த இடத்தில் பலருக்குப் புலப்படாத ஒன்று இருக்கிறது. வசதியுள்ள மருத்துவ அமைப்புகளில் இந்த இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை வலி எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. அப்படியானால் எந்த அறையில் பெற்றுக்கொள்கிறோம் என்பது அந்த ஆபத்தைத் தொடுவதே இல்லை. அதைத் தொடுவது அதற்கு முந்தைய வாரங்கள்: வளர்ச்சி ஸ்கேன், பிபி, சர்க்கரை, குழந்தையின் அசைவு, அப்புறம் எந்த வாரத்தில் பிரசவம் என்ற முடிவு. முன்பு இழந்தவர்களுக்கு 39-ஆம் வாரத்தை ஒட்டி, சிலருக்கு அதற்கு முன்பே, மருந்து கொடுத்து வலி வரவழைப்பது வழக்கம். அதை வீட்டில் செய்ய முடியாது. ஆக, வீடு வேண்டும் என்ற பெண் உண்மையில் இடத்தை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. தானாக வலி வரும்வரை காத்திருப்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறாள். 38-ஆம் வாரத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவளுக்கு 41-ஆம் வாரம்வரை காத்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல பேர் அந்தக் கட்டத்தில் தாங்களாகவே மனம் மாறிவிடுகிறார்கள்.

இரண்டாவது கர்ப்பம், ஆனால் தலைச்சன் பிரசவம்

வீட்டுப் பிரசவத்தைப் பற்றிய எண்களில் மிகவும் நம்பகமானவை என்று நான் நினைப்பது 2011-இல் வந்த பர்த்பிளேஸ் ஆய்வு. இங்கிலாந்தில் சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் 64,000-க்கும் மேற்பட்டவர்களை, எங்கே பெற்றுக்கொள்ளத் திட்டமிட்டார்கள் என்ற அடிப்படையில் பிரித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே பெற்றவர்களுக்கு வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் குழந்தையைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தலைச்சன் பிரசவத்தில் வித்தியாசம் இருந்தது. இறப்பு, மூளைப் பாதிப்பு, தோள் நரம்புக் காயம் போன்ற எல்லாவற்றையும் சேர்த்து, மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3.

கரு கலைந்த அனுபவம் உள்ளவர்கள் இந்த ஆய்வைப் படிக்கும்போது எளிதாகத் தடுமாறிவிடுவார்கள். "இது எனக்கு இரண்டாவது, மூன்றாவது" என்று மனதில் இருப்பதால், தங்களை இரண்டாம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். எட்டாவது வாரத்தில் இரண்டு முறை கலைந்திருந்தாலும், இடுப்பு எலும்பும் கர்ப்பப்பை வாயும் இன்னும் ஒரு குழந்தைக்கு வழிவிட்டுப் பழகவில்லை. உங்கள் கணக்கு தலைச்சன் கணக்குதான். இதை ஒரு டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னால், முன்பு வந்த குழந்தையை இல்லை என்று சொல்வது போல வலிக்கும். அதற்காக எண் மாறப்போவதில்லை.

மறுபக்கம், கடைசி மாதத்தில் இழந்தவர் ஒரு முழுப் பிரசவத்தையே தாங்கியவர். அவர் உடம்புக்கு அந்த வழி தெரியும். ஆனால் அவரைத்தான் வழிகாட்டுதல் மருத்துவமனைக்கு அனுப்புகிறது. ஆக இழப்புக்குப் பிறகும் வீட்டுப் பிரசவத்துக்கு எண்கள் உண்மையிலேயே சாதகமாக இருப்பது ஒரு சிறிய கூட்டத்துக்குத்தான்: ஏற்கெனவே சுகப்பிரசவத்தில் உயிரோடு ஒரு குழந்தை, நடுவில் ஆரம்ப மாதத்தில் ஒரு கரு கலைந்தது, இப்போது சிக்கலில்லாத கர்ப்பம். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால், வீடு என்று சொல்வதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. முந்தையது சிசேரியன் என்றால் இதிலும் சேராது.

அதே ஆய்வில் இன்னோர் எண் உண்டு. வீட்டில் ஆரம்பித்த தலைச்சன் பிரசவங்களில் 100-க்கு 45, நடுவிலோ பெற்ற பிறகோ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. ஏற்கெனவே பெற்றவர்களில் 12. பெரும்பாலும் அவசரத்துக்காக இல்லை. வலி நகரவில்லை, எபிடூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி) வேண்டும் என்பது மாதிரிக் காரணங்கள். என் பார்வையில் இழப்பைச் சந்தித்தவர்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான எண். மருத்துவமனையை எதிர்கொள்ளவே முடியாது என்பதற்காக வீட்டைத் தேர்ந்தெடுத்த பெண், கிட்டத்தட்ட பாதி வாய்ப்பில், பதினெட்டு மணி நேர வலிக்குப் பிறகு, ஆம்புலன்ஸில், முன்பின் தெரியாத டாக்டரிடம், அதே கட்டடத்துக்குப் போகிறாள். எதிலிருந்து தப்ப நினைத்தாளோ அதையே மிக மோசமான நிலையில் சந்திக்கிறாள். வீடு என்று முடிவு செய்தவர்களும் எட்டாம் மாதத்தில் ஒரு முறையாவது அந்தப் பிரசவ அறைக்குள் போய் நின்று பார்த்துவிட்டு வருவது நல்லது என்று நான் சொல்வது அதனால்தான். அழுகை வந்தால் அன்றைக்கே வரட்டும்.

வேறு நாட்டு எண்களும் ஒரே மாதிரி பேசுவதில்லை. நெதர்லாந்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்த 2009 ஆய்வில் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைப் பற்றிய 2015 ஆய்வில், மருத்துவமனைக்கு வெளியே திட்டமிட்ட பிரசவங்களில் ஆயிரத்துக்கு 3.9 குழந்தைகளும், மருத்துவமனையில் 1.8 குழந்தைகளும் இறந்தன. நெதர்லாந்தில் மிட்வைஃப் மருத்துவ அமைப்பின் ஓர் அங்கம். யாரை வீட்டில் பார்க்கலாம், யாரை அனுப்ப வேண்டும் என்பதற்கு எழுதிவைத்த பட்டியல் உண்டு, மருத்துவமனை அவரை அந்நியராகப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் மிட்வைஃப்களின் படிப்பிலேயே பல தரம். மருத்துவமனையோடு தொடர்பு பல இடங்களில் அறுந்தே கிடக்கிறது. நீங்கள் இருக்கும் இடம் இந்த இரண்டில் எதற்குப் பக்கத்தில் என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

காது வைத்துக் கேட்பதும் பெல்ட் கட்டிக் கேட்பதும்

வீட்டில் மிட்வைஃப், குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கையடக்க டாப்ளரை வைத்திருப்பார். வலி ஒன்று வந்து தணிந்ததும், விரல் நுனியால் குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்து, அங்கே கருவியை வைத்து ஒரு நிமிடம் முழுக்கக் கேட்பார். இன்னொரு கை உங்கள் மணிக்கட்டில் இருக்கும். கேட்பது உங்கள் நாடி இல்லை என்று உறுதி செய்ய. பிறகு எடுத்துவிடுவார். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இப்படி, முக்க ஆரம்பித்ததும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. மருத்துவமனையில் முன்பு இழந்தவர் என்றால் பெரும்பாலும் வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டிவிடுவார்கள். ஒன்று வலியை அளக்கும், ஒன்று துடிப்பை. தாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

தொடர்ந்து மானிட்டர் போடுவதால், பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது, ஆனால் இறப்போ, மூளை முடக்குவாதமோ குறைந்ததாகத் தெரியவில்லை, சிசேரியன் கூடுகிறது. இது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு. அதனால் பெல்ட் இருந்தால் குழந்தை பத்திரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு முறை சத்தம் நின்றுபோனதைக் கேட்டவருக்கு, நடுவில் வரும் அந்தப் பதினாலு நிமிட அமைதியைத் தாங்க முடியுமா என்பதை எந்த ஆய்வும் அளக்கவில்லை. சிலரால் முடியவே முடியாது. இன்னும் சிலருக்கு, ஓடும் தாளில் துடிப்பு கொஞ்சம் இறங்கினாலே உயிர் போய் வரும். அவர்களுக்கு இடைவெளியே மேல். நீங்கள் எந்த ரகம் என்பது இந்த முடிவில் பெரிய பங்கு வகிக்கும். ஸ்கேனுக்குப் போகும்போது திரையைப் பார்க்கிறீர்களா, சுவரைப் பார்க்கிறீர்களா என்று யோசித்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

அவசரம் என்று வந்தால் கணக்கு எளிது. ரத்தப்போக்குக்கு முதல் மருந்து வீட்டிலும் உண்டு; ரத்தம் ஏற்றுவதும் ஆபரேஷனும் மருத்துவமனையில் மட்டும். பிறந்ததும் அழாத குழந்தைக்கு முதல் மூச்சை மிட்வைஃபே கொடுத்துவிடலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதும். தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்தாலோ, நஞ்சு திடீரென்று பிரிந்தாலோ, நிமிடங்களில் கத்தி வைக்க வேண்டும். அது அபூர்வம். வீட்டில் அதற்கு மாற்று வழி இல்லை.

நடுவில் இருக்கும் வழி

இதை ஏன் நிறைய பேர் யோசிப்பதே இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே, அல்லது அதை ஒட்டி, மிட்வைஃப்களே நடத்தும் பிரசவ மையங்கள் சில நாடுகளில் உண்டு. தனி அறை, மங்கலான வெளிச்சம், நடமாட இடம், சில இடங்களில் தண்ணீர்த் தொட்டி. பர்த்பிளேஸ் ஆய்வில் தலைச்சன் பெண்களுக்குக்கூட இந்த மையங்களில் குழந்தைக்கான ஆபத்து மருத்துவமனையைவிடக் கூடவில்லை; ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பதும் சிசேரியனும் குறைவு. நூற்றுக்கு 40 பேர் வரை இங்கேயிருந்தும் மாற்றப்படுகிறார்கள்தான். ஆனால் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறுவது வேறு, ஊரைக் கடந்து மாறுவது வேறு. ஆரம்ப மாதத்தில் இழந்து, இப்போது தலைச்சன் பிரசவத்துக்குக் காத்திருப்பவர் என்னைக் கேட்டால், இது கிடைக்கிற இடத்தில் இதைத்தான் சொல்வேன்.

கிடைக்காத இடத்தில், அல்லது மருத்துவமனைதான் என்று முடிவான பிறகு, அந்த மருத்துவமனையைப் பேரம் பேசி மாற்ற முடிந்த அளவு மாற்றலாம். வேறு மருத்துவமனை, முடியாவிட்டால் வேறு அறை. ஃபைலின் முதல் பக்கத்திலேயே "முந்தைய குழந்தை இறந்துவிட்டது" என்று பெரிதாக எழுதிவைக்கச் சொல்லலாம், ஷிஃப்ட் மாறும் ஒவ்வொரு நர்ஸும் வந்து "இது எத்தனாவது? மூத்தது என்ன படிக்குது?" என்று கேட்பது நிற்கும். ஒரே மிட்வைஃபோ டாக்டரோ கடைசிவரை பார்ப்பாரா என்று கேளுங்கள். கம்பியில்லா மானிட்டர் இருந்தால் கட்டிலோடு கட்டிப்போட்டது போல இருக்காது. கணவரையும் மறக்க வேண்டாம். போன முறை எல்லாவற்றையும் நின்றுகொண்டே பார்த்தவர் அவர். வலி நேரத்தில் அவர் உறைந்துபோனால் கூட இருக்க இன்னொருவர் வேண்டும்.

வீடு என்று முடிவானால், எந்த நிலையில் அந்த முடிவு தானாகவே ரத்தாகும் என்பதை மிட்வைஃபோடு சேர்ந்து முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். 37 வாரத்துக்கு முன் வலி, தலை திரும்பாத குழந்தை, ஏறும் பிபி, பின்தங்கும் வளர்ச்சி, 42 வாரம் தாண்டுவது, பனிக்குட நீரில் மலம் கெட்டியாகக் கலந்து வருவது. வலியின் நடுவில் உட்கார்ந்து விவாதிக்க முடியாது. இந்தப் பட்டியலைக் கேட்டதும் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் மிட்வைஃபை நான் நம்ப மாட்டேன்.

அசைவு குறைந்தால் மட்டும் வீடு, மையம் என்ற வித்தியாசமே கிடையாது. மாதம் நெருங்கினால் குழந்தை அசைவது குறையும் என்று சொல்வார்கள். அது தவறு, கடைசிவரை அசைய வேண்டும். கடையில் வாங்கிய டாப்ளரை வயிற்றில் வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டாம். நஞ்சில் ஓடும் ரத்தத்தின் சத்தமும், உங்கள் சொந்த நாடியும் அதில் குழந்தையின் துடிப்பு போலவே கேட்கும். துடிப்பு கேட்டாலும்கூட, குழந்தை நன்றாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் சந்தோஷம். அடுத்த வாரம் மறுபடி குறைந்தால் மறுபடி போகலாம், அங்கே யார் முகம் சுளித்தாலும்.